கட்டியை எடுத்த பிறகும் 'மார்ஜின் பாசிட்டிவ்' ஏன்? – வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்கள் பதில்

மார்பகப் புற்றுநோய்க்குக் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை சிகிச்சை பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன: மார்ஜின். எடுத்த சதைத் துண்டின் விளிம்புதான் அது; அந்த விளிம்பிலேயே புற்றுச் செல் இருந்தால் 'பாசிட்டிவ்', இல்லையென்றால் 'நெகட்டிவ்' அல்லது 'கிளியர்'. மார்பக அறுவை சிகிச்சை நிபுணர்களும், எடுத்த சதையை லேபில் சோதிக்கும் பேத்தாலஜி மருத்துவர்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கே: என் அக்காவுக்கு (வயது 46) இடது மார்பில் இருந்த கட்டியை மட்டும் எடுத்தார்கள். "முழுசா எடுத்தாச்சு" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் 'மேல்புற மார்ஜின் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. மறுபடியும் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். முதல் தடவையே ஒழுங்காகச் செய்யவில்லையா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

இதை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. "முழுசா எடுத்தாச்சு" என்று அன்றைக்குச் சொன்னது கையும் கண்ணும் சொன்ன கணக்கு. கைக்குத் தட்டுப்பட்ட கட்டியைச் சுற்றி ஒரு செ.மீ. அளவு நல்ல சதையையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். ஆனால் கட்டியிலிருந்து பால்குழாய்களுக்குள்ளேயே ஓடுகிற ஆரம்பநிலைப் புற்று (டி.சி.ஐ.எஸ்.) கைக்குத் தட்டுப்படாது, கண்ணுக்கும் தெரியாது. லோபுலர் (பால்சுரப்பி மடல்) வகைப் புற்றில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிக் கொழுப்புக்குள் நுழையும். பல நேரம் சதை கெட்டிப்படுவதே இல்லை. இந்த இரண்டுக்கும் எல்லை எங்கே என்பதை மைக்ராஸ்கோப்தான் சொல்ல முடியும்.

உலகெங்கும் மார்பைக் காப்பாற்றிச் செய்யும் அறுவை சிகிச்சைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரண்டாம் முறை கத்தி வைக்க வேண்டி வந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையில் இந்த எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால் கேள்வி கேட்கலாம். ஒரே ஒருவருடைய ரிப்போர்ட்டை வைத்துக் கேட்க முடியாது.

இரண்டாம் முறை மார்பு முழுவதையும் திறக்கமாட்டார்கள். பழைய தழும்பு வழியாகவே போய், அந்தக் குழியின் மேல்புறச் சுவரை மட்டும் ஒரு பட்டையாக எடுப்பார்கள். எடுத்த பட்டையில் புற்றே இல்லை என்று ரிப்போர்ட் வருவதும் அடிக்கடி நடக்கும். அப்படி வந்தால் "வீணாக வெட்டினார்களே" என்று நினைக்க வேண்டாம். விளிம்பில் புற்று இருப்பதைக் கண்டும் அப்படியே விட்டால், அதே மார்பில் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடுதல் ரேடியேஷனோ மாத்திரையோ கொடுத்தாலும் அந்த வித்தியாசம் முழுசாக மறைவதில்லை. "கரண்ட் வைத்தால் சரியாகிவிடாதா?" என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இதுவே பதில்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாசிட்டிவ் என்று வந்தது அடிப்புறமாக இருந்து, நெஞ்சுத் தசையின் மேலுறையையும் முதலிலேயே எடுத்திருந்தால், அங்கே மேற்கொண்டு எடுக்க மார்புச் சதை கிடையாது. தோலை ஒட்டிய முன்புறமும் பல நேரம் அப்படித்தான். அப்போது மறுபடி வெட்டாமல் ரேடியேஷனோடு நிறுத்துவது உண்டு. உங்கள் அக்காவுக்கு மேல்புறம் என்பதால் இது பொருந்தாது.

கே: ரிப்போர்ட்டில் 'குளோஸ் மார்ஜின் 1 மி.மீ.' என்று போட்டிருக்கிறது. எத்தனை மி.மீ. இருந்தால் போதும்? ஒருவர் போதும் என்கிறார், இன்னொருவர் 2 மி.மீ. வேண்டும் என்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். நோய் எந்த வகை என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

குழாயைத் தாண்டிப் பரவிய புற்று என்றால், அமெரிக்க அறுவை சிகிச்சை, ரேடியேஷன் நிபுணர் சங்கங்கள் 2014இல் சேர்ந்து வகுத்த விதி: சதைத் துண்டின் வெளிப்பரப்பில் பூசிய மையைப் புற்றுச் செல் தொடக்கூடாது, அவ்வளவுதான். 33 ஆய்வுகள், 28,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து எடுத்த முடிவு அது. மைக்கும் புற்றுக்கும் நடுவே இன்னும் அகலமாக இடம் விட்டதால் கூடுதல் பலன் தெரியவில்லை. அதற்கு முன் 2, 5, 10 மி.மீ. என்று ஆளுக்கொரு கணக்கு வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

டி.சி.ஐ.எஸ். மட்டும் என்றால் 2016இல் சொன்ன அளவு 2 மி.மீ. குழாய்க்குள் இருக்கும் புற்று இடையிடையே விட்டுவிட்டு வளரும் என்பதால்தான் இந்தக் கூடுதல் இடைவெளி. இதிலும் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைந்தாலே கட்டாயம் மறு ஆபரேஷன் என்றில்லை; வயது, நோயின் கிரேடு, எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்த்து முடிவு செய்யலாம்.

இரண்டும் கலந்திருந்தால்? பரவிய புற்றின் விதியே செல்லும். ஆனால் டி.சி.ஐ.எஸ். மையைத் தொட்டாலும் அது பாசிட்டிவ்தான். எல்.சி.ஐ.எஸ். (பால்சுரப்பி மடல்களுக்குள்ளேயே அடங்கிய செல் மாற்றம்) விளிம்பில் இருந்தால், அது சாதாரண வகை என்றால் அதற்காக வெட்டத் தேவையில்லை. இந்த நாலெழுத்துச் சுருக்கங்கள் ஒன்றுபோலத் தெரிவதால் குடும்பத்தினர் பயந்துபோகிற இடம் இது.

கே: நர்ஸிங் இறுதியாண்டு படிக்கிறேன். தியேட்டரில் எடுத்த சதையில் நூல் கட்டுகிறார்கள், லேபில் கலர் மை பூசுகிறார்கள். எதற்கு என்று யாரும் விளக்கவில்லை.
– மாணவி, கோயம்புத்தூர்

இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் இதுவே முக்கியமானது என்பது எங்கள் அபிப்பிராயம். விலை உயர்ந்த கருவி வாங்குவதைப் பற்றிக் கூட்டம் போடுகிறார்கள். நூல் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை.

மார்பிலிருந்து வெளியே வந்த சதைத் துண்டுக்கு மேல், கீழ், முன், பின் தெரியாது. உடம்பில் இருக்கும்போதே, அல்லது எடுத்த கையோடு, அடையாளம் வைக்க வேண்டும். பரவலாக உள்ள வழக்கம்: மேல்புறத்தில் குட்டை நூல், அக்குள் பக்கம் நீள நூல். இந்த இரண்டும் போதும் என்று விடுபவர்கள் உண்டு. ஆனால் வலதா இடதா என்பது படிவத்தில் மாறிவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். மேல்புறமும் அக்குள் பக்கமும் நூலால் நிலைத்திருக்க, முன்புறம் பின்புறமாகிவிடும். அதனால்தான் அடிப்புறத்தில் இரட்டை நூலாக மூன்றாவது அடையாளம் வைக்கச் சொல்கிறோம். நூலின் அர்த்தத்தைப் படிவத்தில் எழுதுவதும் நூலைப் போலவே முக்கியம்.

லேபில் முதலில் துண்டின் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ஆறு பக்கங்களுக்கு ஆறு நிற மை. எந்தப் பக்கத்துக்கு எந்த நிறம் என்பதில் ஊருக்கெல்லாம் பொதுவான விதி இல்லை. ஒவ்வொரு லேபும் தன் கணக்கை ரிப்போர்ட்டிலேயே எழுதிவைக்கும். பூசிய மை பிடிக்க அசெட்டிக் அமிலத்தில் நனைத்து, காய்ந்த பிறகுதான் 3 முதல் 5 மி.மீ. கனத்தில் துண்டு போடுவார்கள். ஈரத்தோடு பூசினாலோ காயாமல் அறுத்தாலோ மை கொழுப்பின் வெடிப்புகளுக்குள் வழிந்து உள்ளே போய்விடும். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்கு உள்ளே இருக்கும் புற்று விளிம்பில் இருப்பதாகத் தெரியும். இல்லாத பாசிட்டிவ் இப்படியும் உருவாகிறது.

அடுத்த கோளாறு நசுக்கல். மார்புச் சதை பெரும்பாலும் கொழுப்பு. மேசையில் வைத்தாலே தன் பாரத்தில் தட்டையாகும். எக்ஸ்ரே எடுக்கும்போது மாமோகிராம் மாதிரி அழுத்தினால் இன்னும் மோசம். முன்னும் பின்னும் இருக்கும் நல்ல சதை பிதுங்கிப் பக்கவாட்டில் போக, 8 மி.மீ. இருந்த இடைவெளி 1 மி.மீ. என்று ரிப்போர்ட்டில் வரலாம். வாய் குறுகிய பாட்டிலில் திணித்து அனுப்பினாலும் இதே கதிதான். அகல வாய் டப்பாவில், துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்ற வேண்டும். எடுத்து 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டு, அதில் 6 முதல் 72 மணி நேரம் வரை ஊறினால்தான், எந்த மருந்து பொருந்தும் என்று சொல்லும் ஹார்மோன், ஹெர்-2 சோதனைகளும் நம்பும்படி வரும். எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் டப்பா மேல் எழுதுவது தியேட்டர் நர்ஸின் வேலை. நாளைக்கு அது உங்கள் வேலை.

இன்னொன்று. சில இடங்களில் உறவினருக்குக் காட்டுவதற்காக, மை பூசும் முன்பே கட்டியை நடுவில் கீறிப் பிளந்து காட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிளந்த வாய் வழியே மை உள்ளே போனால் எது வெளிவிளிம்பு, எது கத்தி போட்ட இடம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முழுத் துண்டாகக் காட்டினாலே போதும்.

கே: அண்ணிக்கு ஆபரேஷன் நடக்கும்போதே ஃப்ரோஸன் பார்த்து 'கிளியர்' என்றார்கள். கடைசி ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் பாசிட்டிவ். முதலில் சொன்னது பொய்யா?
– வாசகர், தஞ்சாவூர்

பொய் இல்லை. பார்த்த இடத்தில் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

ஃப்ரோஸன் செக்‌ஷனில் நடப்பது இது: சந்தேகமான விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து, ஒரு பசையில் பதித்து, கிரையோஸ்டாட் என்ற குளிர்பெட்டிக்குள் மைனஸ் 20 முதல் 30 டிகிரியில் உறைய வைத்து, சுமார் 5 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். தியேட்டருக்குப் பதில் போக 20 – 30 நிமிடம் ஆகும். பல துண்டுகள் அனுப்பினால் அதற்கு மேலும். மார்புக்கு இதில் ஒரு தொல்லை இருக்கிறது. கொழுப்பு அந்தக் குளிரில் சரியாக இறுகாது. பாதி உறைந்த நெய்யைக் கத்தியால் சீவுகிற மாதிரி இழுபட்டு, ஓட்டை விழுந்த பட்டையாக வரும். மறைந்த இடத்தில் ஒரே ஒரு குழாயில் டி.சி.ஐ.எஸ். இருந்தால் தவறிப்போகும்.

அளவுக் கணக்கையும் பாருங்கள். 6 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் வெளிப்பரப்பு 113 சதுர செ.மீ. ஃப்ரோஸனில் பார்ப்பது அதில் சில இடங்களை மட்டும். பிறகு பாராஃபின் மெழுகில் பதித்துப் பார்க்கும்போதும் முழுவதையும் பார்ப்பதில்லை, 1 செ.மீ. கனத் துண்டை 5 மைக்ரானாகச் சீவிக்கொண்டே போனால் 2,000 பட்டை வரும், கண்ணாடியில் ஏறுவது ஒன்றிரண்டு. கடைசி ரிப்போர்ட் கூடுதல் இடங்களைத் தெளிவாகப் பார்த்தது என்பதால் அதற்குத்தான் மதிப்பு.

ஆனாலும் ஃப்ரோஸன் பயனற்றது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எல்லா விளிம்புகளையும் வழக்கமாகவே ஃப்ரோஸனில் பார்க்கிறார்கள். 2014இல் வெளியான கணக்குப்படி அங்கே கட்டி மட்டும் எடுத்தவர்களில் 30 நாளுக்குள் மறுபடி ஆபரேஷன் ஆனவர்கள் 3.6 சதவீதம், அந்நாட்டின் மற்ற மருத்துவமனைகளில் 13.2. தியேட்டரை ஒட்டியே லேபும், அதற்கென்றே பழகிய ஆட்களும் இருப்பதால் நடக்கிற காரியம். சாம்பிளை ஆட்டோவில் வேறு தெருவுக்கு அனுப்புகிற இடத்தில் அந்த எண்ணை எதிர்பார்க்க வேண்டாம்.

சில லேப்களில் 'இம்ப்ரின்ட்' என்று, சதையின் ஓரத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றிப் பார்ப்பார்கள். புற்றுச் செல் ஒட்டும், கொழுப்பு ஒட்டாது. உறைய வைக்கும் தொல்லை இல்லை, சீக்கிரம் முடியும், சதையும் வீணாகாது. பரப்பில் இருப்பதை மட்டும் சொல்லும், அரை மி.மீ. உள்ளே இருப்பதைச் சொல்லாது. மின்கத்தி கருக்கிய ஓரத்தில் எதுவும் ஒழுங்காக ஒட்டாது. லோபுலர் செல் சிறியது, நல்ல செல்லிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

கே: ஃப்ரோஸன் வசதி இல்லாத ஊரில் இருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, இராமநாதபுரம்

நிறையவே செய்யலாம், அதிகச் செலவில்லாமல்.

கட்டியை எடுத்த பிறகு, குழியின் சுவர்களிலிருந்து சுற்றிலும் மெல்லிய பட்டைகளைக் கூடுதலாக எடுப்பது ஒரு வழி. 'கேவிட்டி ஷேவ்' என்பார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 235 பேரிடம் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஷேவ் செய்யாதவர்களில் 34 சதவீதத்துக்கு மார்ஜின் பாசிட்டிவ், செய்தவர்களில் 19. மறு ஆபரேஷன் 21லிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. புதிதாகக் கருவி எதுவும் வாங்கவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு பட்டையிலும் புது வெளிப்பக்கம் எது என்று ஒரு நூல் போட்டு, தனித்தனி டப்பாவில் பெயரெழுதி அனுப்ப வேண்டும். மை அந்தப் பக்கத்தில் மட்டும். பக்கம் மாறினால் ஷேவ் செய்ததே வீண்.

இரண்டாவது வழி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கைக்குத் தட்டுப்படும் கட்டி என்றால் ஸ்கேன் எதற்கு என்று நினைப்போம். நெதர்லாந்தில் 134 பெண்களிடம் நடந்த 'கோபால்ட்' ஆய்வில், கையை மட்டும் நம்பி எடுத்தபோது 17 சதவீதத்துக்குப் பாசிட்டிவ். ஆபரேஷன் நடக்கும்போதே ஸ்கேன் வைத்துப் பார்த்து எடுத்தபோது 3. எடுத்த துண்டைத் தண்ணீரில் போட்டு ஸ்கேன் பார்த்தால் எந்த ஓரம் நெருக்கம் என்றும் தெரியும். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்.

கே: மாமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்ததாகச் சொல்லி, கம்பி குத்தி ஆபரேஷன் செய்தார்கள். எடுத்த சதையை மறுபடி எக்ஸ்ரே எடுத்ததற்குத் தனியாகப் பில். தேவையா?
– வாசகர், சென்னை

தேவை, கட்டாயம். அந்தப் புள்ளிகள் கைக்கும் தெரியாது, ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. புள்ளிகளும், இடத்தைக் காட்டக் குத்திய கம்பியின் முனையும், பயாப்சியின்போது வைத்த உலோகக் கிளிப்பும் எடுத்த துண்டுக்குள் வந்துவிட்டனவா என்று, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். ஒரு கோணத்தில் எடுத்தால் நடுவில் இருப்பதாகத் தெரிவது, 90 டிகிரி திருப்பி எடுத்தால் ஓரத்தில் இருக்கலாம். அதனால் இரண்டு படம். புள்ளி தெரியாத இடத்திலும் டி.சி.ஐ.எஸ். இருக்கலாம் என்பதால், படம் நன்றாக இருக்கிறது என்பதே மார்ஜின் நெகட்டிவ் ஆகிவிடாது.

கே: கத்தியே 'இது புற்று' என்று சொல்லிவிடும், சாயம் போட்டால் புற்று ஒளிரும் என்றெல்லாம் வீடியோ வருகிறது. உண்மையா?
– வாசகர், பெங்களூரு

உண்மைதான், விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சோல்டான் டகாட்ஸ் குழு உருவாக்கிய 'ஐநைஃப்', மின்கத்தி சதையைச் சுடும்போது எழும் புகையை உறிஞ்சி, அதிலுள்ள மூலக்கூறுகளை வைத்து இன்ன சதை என்று சொல்லும். 'மார்ஜின்புரோப்' என்ற கருவிக்கு அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012இல் அனுமதி தந்தது. ரேடியோ அலையால் எடுத்த துண்டின் பரப்பில் சுமார் 1 மி.மீ. ஆழத்தைச் சோதிக்கும். நல்ல சதையையும் சில நேரம் புற்று என்று சொல்லும், அதனால் தேவைக்கு மேல் சதை போகும்.

ஒளிரும் சாயம் 'லுமிசைட்'. 2024 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. ஆபரேஷனுக்கு 2 முதல் 6 மணி நேரம் முன்பு ரத்தக்குழாயில் ஏற்றி, கட்டியை எடுத்த பிறகு மார்புக்குள் உள்ள குழியையே கையடக்கக் கருவியால் பார்க்கிறார்கள். எடுத்த துண்டைப் பார்க்காமல் உள்ளே மிஞ்சியதைத் தேடுகிறது என்பதில்தான் இதன் புதுமை. 357 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கப்படி எடுத்து முடித்த பிறகும் உள்ளே மிஞ்சியிருந்த புற்றை 27 பேரிடம் இது காட்டிக்கொடுத்தது. இருந்த புற்றில் பாதியளவைத்தான் கண்டுபிடித்தது என்பதும் அதே ஆய்வின் கணக்கு. கடுமையான ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கையும் மருந்தின் மேலேயே இருக்கிறது.

கே: இவ்வளவு குழப்பத்துக்கு மார்பு முழுவதையும் எடுத்துவிட்டால் நிம்மதிதானே?
– வாசகி, சேலம்

மார்ஜின் கவலை குறையும், ஆயுள் கூடாது. இத்தாலியில் மருத்துவர் வெரோனேசி 701 பெண்களிடமும் அமெரிக்காவில் மருத்துவர் ஃபிஷர் 1,851 பெண்களிடமும் தொடங்கிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் ஒன்றாக வெளிவந்தன. இரு வழியிலும் பிழைத்திருந்தவர்கள் ஏறக்குறைய சமம். கட்டியை மட்டும் எடுத்தவர்கள் ரேடியேஷனைத் தவிர்க்கக்கூடாது: ஃபிஷர் ஆய்வில் ரேடியேஷன் பெற்றவர்களில் 14.3 சதவீதத்துக்கும், பெறாதவர்களில் 39.2 சதவீதத்துக்கும் அதே மார்பில் நோய் திரும்பியது. இரண்டு முறை வெட்டியும் பல பக்கம் பாசிட்டிவ் என்றால், அப்போது முழுவதும் எடுப்பதைப் பேசலாம்.

கே: அம்மாவுக்கு முதலில் கீமோ கொடுத்தார்கள். கட்டி மறைந்தே போய்விட்டது. எதை எடுப்பார்கள், எதற்கு மார்ஜின் பார்ப்பார்கள்?
– வாசகர், வேலூர்

கீமோவுக்கு முன்னால் கட்டிக்குள் கிளிப் வைத்தார்களா என்று முதலில் கேளுங்கள். கட்டி மறைந்தாலும் அந்த உலோகத் துணுக்கு இடத்தைக் காட்டும். கிளிப்பையும் சுற்றியுள்ள சதையையும் எடுப்பார்கள். முன்பிருந்த முழு அளவையும் எடுக்க வேண்டியதில்லை. கட்டி சில பேருக்குச் சுற்றிலுமிருந்து சமமாகச் சுருங்கும். சில பேருக்கு அங்கங்கே செல் கூட்டங்களை விட்டுவிட்டுக் கலையும். இரண்டாவது மாதிரியில், மையிலிருந்து புற்று தள்ளியிருந்தாலும் நடுநடுவே நிறையச் சிதறிக் கிடப்பதாக ரிப்போர்ட் வந்தால், வெளியே இன்னும் மிச்சம் இருக்குமோ என்று டாக்டர்கள் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். கிளிப் வைக்காமலே கீமோ முடிந்துவிட்டதென்றால் பழைய மாமோகிராம், ஸ்கேன், எம்.ஆர்.ஐ. படங்களை, ரிப்போர்ட் தாளை மட்டுமல்ல படங்களையே, கையோடு கொண்டுபோங்கள்.

கே: வேறு மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேட்க விரும்புகிறோம். ரிப்போர்ட் நகல் போதுமா?
– வாசகி, ஈரோடு

போதாது. ஆபரேஷன் நடந்த இடத்தின் லேபில் எழுத்து மூலம் கேட்டு, கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் வாங்குங்கள். ஸ்லைடு நிறம் மங்கியிருந்தாலோ விளிம்பு சரியாக விழவில்லை என்றாலோ பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவிப் பார்க்கலாம். கூடவே ஆபரேஷன் குறிப்பின் நகலும் வேண்டும்: எந்தப் பக்கம் எந்த நூல், ஷேவ் எடுத்தார்களா, அடிப்புறத்தில் தசை உறை வரை போனார்களா, குழிக்குள் டைட்டானியம் கிளிப் வைத்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கிளிப் விவரம் ரேடியேஷன் டாக்டருக்கும் தேவைப்படும். பிளாக்கை வெயிலில் காரில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.